நாலு வருஷத்துக்குத் திட்டு

"ஃபிலாசஃபி படிச்சவாளுக்கு இந்த ஊர்ல யார் வேலை குடுப்பா? ஒருத்தரைக் காட்டு, நான் வாயை மூடிக்கறேன்."

அனந்தராமன் அங்கிளின் குரல் வேலி தாண்டி வந்தது. பக்கத்து வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஓவியாவின் கை நின்றது.

மூன்று வாரமாக இதே சண்டைதான். அங்கிளின் மகள் அதிதிக்கு வெளி மாநில யூனிவர்சிட்டி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. ஃபிசிக்ஸும் ஃபிலாசஃபியும் சேர்ந்த ஒரே டிகிரி, நாலு வருஷப் படிப்பு. அவர்கள் இருந்தது அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில். அங்கிளோ, இங்கேயே இரு, வீட்டிலிருந்தே போய்க் கம்ப்யூட்டர் சயின்ஸ் படி என்று ஒரே பிடியாக நின்றார். இன்றைக்கு மே ஒன்று. வருகிறேன் என்று இன்றைக்குள் சொல்லாவிட்டால் இடம் போய்விடும்.

இத்தனைக்கும் அங்கிள் மாதம் ஒரு ஞாயிறு கோயில் ஹாலில் 'அணுவும் ஆன்மாவும்' என்று பேசுகிறவர். விஞ்ஞானமும் வேதாந்தமும் வேறு வேறில்லை என்று அவர் முடிக்கும்போது கைதட்டல் அடங்க நேரமாகும். சொந்த மகள் அதையே படிக்கிறேன் என்றால் மட்டும் கசக்கிறதாக்கும் என்று ஓவியா நினைத்துக்கொள்வாள். வெளியே சொன்னதில்லை. அவள் எதைத்தான் வெளியே சொல்லியிருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் அதிதியே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

ஓவியா லைப்ரரியில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகும் நாட்களில் நாலு வயது தென்றலைப் பார்த்துக்கொள்வது அதிதிதான். அந்தப் படிப்பு என்ன படிப்பு என்று ஓவியா ஒருநாள் கேட்டபோது, அதிதி தென்றலின் பந்தை மேலே தூக்கிப் போட்டாள். பந்து எப்படி விழுகிறது என்று சொல்வது ஃபிசிக்ஸ். இதுவரை விழுந்தது சரி, நாளைக்கும் விழும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பது ஃபிலாசஃபி. பத்தாவதோடு நின்றவள் ஓவியா. அவளுக்கு அது புரிந்துவிட்டது. புரிந்ததுதான் அவளுக்கு ஆச்சரியம்.

"அப்பாகிட்ட நீங்க ஒரு தடவை பேசுங்க அக்கா. ப்ளீஸ். எல்லாரும் பேசிட்டாங்க, நீங்கதான் பாக்கி."

அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடாதே என்று கணவன் ரஞ்சித்குமார் காலையில்தான் சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்தான். ஓவியா, அதிதியின் அம்மா ஸ்வர்ணா ஆன்ட்டி எப்போதோ பலகாரம் கொடுத்தனுப்பிய டப்பாவைத் தேடி எடுத்தாள். வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாதே என்று நாலு தேங்காய் பர்பி வைத்தாள். அது ஒரு சாக்கு.

அங்கிள் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி உள்ள இருக்காம்மா."

"உங்களைத்தான் பார்க்க வந்தேனுங்க அங்கிள்." வந்தது வந்தாயிற்று. "எங்கப்பா என்னையப் பத்தாவதோட நிறுத்தினாருங்க. ஏன்னு நான் கேக்கலை. கேட்டிருக்கலாம்னு இன்னிக்கும் தோணுதுங்க. அதிதி கேக்கறா. அவளை நிறுத்திடாதீங்க."

அங்கிள் துடைத்த துணியைக் கீழே வைத்தார். வீட்டு ஜன்னலை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பாக்கெட்டில் இருந்த சாவியை அமுக்கினார். காரின் பின்பக்க டிரங்க் மெல்லத் திறந்தது.

உள்ளே உறை பிரிக்காத ஒற்றைக் கட்டில் விரிப்பு, மேஜை விளக்கு, சின்ன ஃபேன், குளியலறைச் செருப்பு. எல்லாம் ஹாஸ்டல் சாமான். மேலே ஒரு டி-ஷர்ட். ஓவியா எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதிதிக்கு இடம் கொடுத்த யூனிவர்சிட்டியின் பெயர். அதன் கீழே 'டாட்', அதாவது அப்பா.

"என் சைஸ்தான்," என்றார் அங்கிள்.

ஓவியாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"வயலின் கத்துக்கோன்னேன். ஆறு மாசம். செஸ் கேட்டா, சரின்னேன். மூணு மாசம். நீச்சல் வேண்டாம், காது வலிக்கும்னேன். நாலு வருஷம் ஒரு நாள் விடாம ஸ்கூல் டீம்ல நீந்தினா. நான் சரின்னு சொன்ன எதையும் அவ முடிச்சதில்லைம்மா."

"அப்ப கோயில்ல பேசறது..."

"அதெல்லாம் அரைகுறை. எனக்கே தெரியும். ஒருத்தியாவது ஒழுங்காப் படிக்கட்டும்." டிரங்க்கை மூடினார். "சாயங்காலம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டு 'என்னவோ பண்ணிக்கோ'ன்னு சொல்லிடுவேன். அப்புறம் நாலு வருஷமும் திட்டிண்டே இருக்கணும். அது ஒண்ணுதான் கஷ்டம்."

"இந்தத் தடவையும் அப்படியேதான் நடக்கும்னு எப்படிங்க அங்கிள் தெரியும்?"

அங்கிள் முதல் தடவையாகச் சிரித்தார். "தெரியாது. அதை அவதான் படிச்சுட்டு வந்து சொல்லணும்." பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போல, "நீயும் ரெண்டு வார்த்தை திட்டினா உபகாரமா இருக்கும்மா," என்றார்.

ஓவியா வீடு திரும்பும்போது அதிதி கதவிலேயே நின்றாள்.

"என்ன சொன்னார் அக்கா?"

ஓவியா இதுவரை யாரையும் திட்டியதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா சொல்றதுதான் சரி. உனக்கு எதுக்கு இந்தப் படிப்பு? உன்னால முடிக்க முடியாது."

அதிதி நிமிர்ந்து நின்றாள். கன்னம் இறுகியது.

"நீங்களுமா? ஓகே. முடிச்சுக் காட்டறேன், பாருங்க."

கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள்.

தென்றல் பந்தோடு வந்து அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏம்மா அதிதி அக்காவத் திட்டின?"

ஓவியா உட்கார்ந்து பூண்டை எடுத்துக்கொண்டாள்.

"இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன் கண்ணு. இன்னும் நாலு வருஷம் இருக்கு."