ஆயிரத்துக்கு ஆயிரம்

"கட்டம் கட்டமாத் தெரியுதேம்மா. கலெக்டர் பார்க்கிற மேப்பா இது?"

முனைவர் சிற்சபேசன் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

அவரிடம் ஆராய்ச்சி செய்யும் அவள் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

பல்லைப் பழுப்பாக்கி எலும்பை வளைக்கிற ஃப்ளோரைடு, எந்த ஊர்த் தண்ணீரில் எவ்வளவு என்று காட்டும் படம். சிவப்பு என்றால் குடிநீர் லாரி வரும். நீலம் என்றால் வராது.

அளந்த கிணறுகள் பதினொன்று. அவற்றுக்கு இடைப்பட்ட இடத்தையெல்லாம் மென்பொருள் ஊகித்து நிரப்பும். பதினொன்றும் தார் ரோட்டோரம். ஜீப் போகிற தூரம் வரைக்கும்தான் ஐயாவின் அறிவியலும் போகும்.

"என்ன வச்சிருக்கே? நாற்பதுக்கு நாற்பது கட்டமா? ஆயிரத்துக்கு ஆயிரம் போடு."

போட்டாள்.

கட்டங்கள் காணாமல் போயின. நீலமும் சிவப்பும் பட்டுப்புடவை போல ஒன்றில் ஒன்று வழுக்கின.

"பார்த்தியா! பத்து லட்சம் புள்ளி."

பத்து லட்சம் பாட்டிலிலும் தானே குனிந்து தண்ணீர் பிடித்தவர் போல நாற்காலியில் சாய்ந்தார்.

மேற்கு மூலையில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. ஆவாரங்காட்டுக் காலனி.

"இதென்ன ஓட்டை?"

"அங்க அளக்கவே இல்ல சார். ஜீப் போகாதுன்னு திரும்பிட்டோம்."

"நாம அளக்காட்டி என்ன, மெஷினுக்குத் தெரியாதா? நிரப்பு."

"சார், அது எங்க ஊரு. அங்க தண்ணி..."

"ஊர்ப் பாசத்தையெல்லாம் ஆராய்ச்சிக்குள்ள கொண்டு வராதேம்மா."

கூட நின்ற உதவிப் பேராசிரியர்கள் இருவரும், சிரிக்க வேண்டிய இடம் இதுதானென்று அறிந்து சிரித்தார்கள்.

திரையில் ஒரு சின்னப் பெட்டியில் டிக் அடித்தாள்.

வெள்ளை, நீலமாயிற்று.

கலெக்டர் ஆபீசில் கைதட்டல். பத்து லட்சம் புள்ளிகளில் ஆய்வு என்று முனைவர் முழங்கியபோது, கிணறு எத்தனை என்று ஒருவரும் கேட்கவில்லை. நீலப் பகுதிக்கு இனி லாரி வேண்டாம் என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

அவள் எழுந்தாள்.

"அப்புறம் பேசலாம்மா. முதல்ல போட்டோ" என்று கையமர்த்தினார் முனைவர்.

சுவரில் விரிந்த அந்த வரைபடத்துக்கு முன்னால் வரிசை. நடுவில் கலெக்டர். பக்கத்தில் பொன்னாடையோடு முனைவர். அவளுக்குக் கிடைத்தது ஓரம். மேற்கு மூலை.

பள்ளிக்கூட நாளிலிருந்தே போட்டோ என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கல்யாண ஆல்பத்திலும் அப்படித்தான்.

"சிரிம்மா, நம்ம வெற்றி இது!" என்றார் முனைவர்.

சிரித்தாள். பல் அத்தனையும் தெரிய.

போட்டோக்காரர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார். தயங்கினார்.

"மேடம்... தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு..."

வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். கலெக்டரும்.

அவள் மூடவில்லை.