கிழக்கே பார்த்த சப்பாத்து

மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில் புதுக் கட்டடம் ஒன்றுக்கு அத்திவாரம் தோண்டியபோது, எப்போதோ அழிந்துபோன சிறு தேவாலயத்தின் தரை வெளிப்பட்டது. அதன் கீழே கல்லறைகள் இருந்தன. எதையும் தொட வேண்டாம் என்று தொல்லியல் ஆய்வுக்கு வந்த வெள்ளைக்காரப் பெண் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். இருந்தும், அங்கே கான்கிரீட் வேலை செய்யும் பாலேந்திரா பூப்போட்ட தரையோடுகள் சிலவற்றைப் பெயர்த்து வந்து, தன் வீட்டு வாசலில், சப்பாத்துக் கழற்றும் இடத்தில் பதித்தான்.

“ஆரோ ஒருத்தரின்ரை சவத்துக்கு மேல கிடந்தது. திருப்பிக் கொண்டுபோய் வையுங்கோ,” என்றாள் மனைவி கஜந்தினி.

“செத்தவைக்கு என்னத்துக்கு ஓடு?”

மறுநாள் அவனுடைய சப்பாத்தைக் காணவில்லை. வேலைத்தளத்தில், தோண்டி வைத்திருந்த கல்லறை ஒன்றுக்குள் அது நின்றது, நுனி கிழக்கே பார்த்தபடி. இங்கே புதைத்தவர்களுக்கெல்லாம் கால் கிழக்குப் பக்கம்தான் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். யாரோ விட்ட பகிடி என்று நினைத்தான். அடுத்த நாள் பக்கத்துக் குழியில் கஜந்தினியின் செருப்பு நின்றது.

அன்றே ஓடுகளைக் கிளப்பி, ஒன்றும் உடையாமல் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்தப் பெண் ஏசவில்லை. அவை கிடந்த இடத்தில் இன்னொரு குழி இருக்கிறது என்று காட்டினாள். மிகச் சின்னது, ஒரு பிள்ளைக்கு வெட்டியது. இதுவரை அதில் யாரையும் வைத்ததாகத் தெரியவில்லை என்றாள்.

அவன் வீட்டுக்கு ஓடினான். மகள் ஆரணி வெறுங்காலோடு மாடிப்படியில் இருந்தாள்.

“அப்பா, என்ரை சப்பாத்தைக் காணேல்லை.”