தூர்ந்த வடிகால்

ஆடிக் கிருத்திகை வெயிலில் ரஞ்சிதத்தின் வயல் கண்ணைக் கூச வைக்கிறது. கருகிய நாற்றின் நடுவே உப்பு வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கிறது. வரப்பில் நிற்கும் தசரதன் அதைப் பார்க்க மாட்டாமல் திருத்தணி மலையைப் பார்க்கிறான். தம்பி பெண்சாதி ரஞ்சிதத்தின் வயல்நீர் வடியும் கால்வாய் அவன் நிலத்தோரமாகத்தான் ஓடியது. ஒரு வரிசை கரும்புக்கு ஆசைப்பட்டு, போன வருஷம் அதை மண் போட்டுத் தூர்த்தவன் அவன்தான். அன்று முதல் தண்ணீர் அவள் வயலிலேயே தேங்கிக் காய்ந்து, உப்பை மேலே இழுத்துவிட்டது. மஞ்சள் சேலையில் ரஞ்சிதம் பூக்காவடியோடு வந்து நிற்கிறாள். “அவரு பர்மாச் சண்டைக்குப் போனப்போ வருஷா வருஷம் காவடி எடுக்கறேன்னு வேண்டிக்கினு, போன வருஷம் வுட்டுட்டேன் பாவா. அதான் சாமி நிலத்துல கை வெச்சிட்டாரு. செத்த தூக்கி வைங்க.” காவடியைத் தூக்கி அவள் தோளில் வைக்கிறான். மல்லிகையில் தெளித்த தண்ணீர் அவன் கையில் சொட்டுகிறது. “உங்க கரும்புக்கும் சேத்து வேண்டிக்கினு வரேன்” என்கிறாள். “ஆங்” என்கிறான். அவள் வெறுங்காலடியில் உப்பு நொறுங்குகிறது. அவன் முதுகுக்குப் பின்னால் கரும்புத் தோகை செழிப்பாகச் சலசலக்கிறது.