திரும்பி வந்த மூச்சு

மேட்டூர்த் தண்ணீர் நன்னிலம் வந்து சேர்ந்த அன்று, வாய்க்காலில் விழுந்த பக்கத்து வீட்டு ஆரோக்கியத்தைக் கரையேற்றியபோது மூச்சு நின்றிருந்தது. நர்ஸ் ஹலீமா அவர் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஒவ்வொரு முறை ஊதியதும் வாயை எடுத்துவிட வேண்டும். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான். பதற்றத்தில் கடைசித் தடவை எடுக்க மறந்துபோனாள். ஊதிய காற்று அவள் வாய்க்கே திரும்பி வந்தது. ஆரோக்கியம் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்த வாரம் ஹலீமா மிளகாய் வறுத்தாள். நெடி ஏறித் தும்மியவள், எப்போதும்போல “அல்ஹம்துலில்லாஹ்” சொல்ல வாயைத் திறந்தாள்.

“சேசு மரி சூசையே!”

தும்மினால் ஆரோக்கியம் சொல்வது; அவருடைய அதே கட்டைக் குரல்.

சுவருக்கு அந்தப் பக்கம், அவர் மனைவி லின்சி பாத்திரம் விளக்கும் சத்தம் நின்றது. கணவன் தும்மினால் எப்போதும் கேட்பதைத்தான் கேட்டாள்.

“என்னங்க, இன்னும் தலையைத் துவட்டலியா?”