ரஷ்யாவுக்குப் போகும் வழி

"அந்த ஊரு குளிர்ல மூக்கே மரத்துப் பூடுமாமே, எம்புள்ள எப்பிடிங்க தாங்குவான்?"

ஜெயம்மாள் நாலு நாளாக இதையே கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

நாராயணசாமி சலிக்காமல் பதில் சொன்னார். ரஷ்யாவில் இன்ஜினீயரிங் படிக்க மகன் தனசேகரனுக்கு இடம் கிடைத்ததிலிருந்து அவருக்கு இதே வேலைதான். மலையடிவார ஊரான வடக்கனந்தலின் டீக்கடையில் யார் சிக்கினாலும் வெளிநாட்டுப் படிப்பின் நன்மைகளை எடுத்துவிடுவார். பையன் இன்னொரு பாஷை கற்றுக்கொள்வான், பல நாட்டுப் பிள்ளைகளோடு பழகுவான், தன் சட்டையைத் தானே துவைப்பான், எதற்கும் அப்பன் முகத்தைப் பார்க்காமல் சொந்தமாக முடிவெடுப்பான். கேட்டவர்களில் பாதிப் பேருக்குத் தாங்களே கிளம்பிவிடலாமா என்று தோன்றிவிடும்.

"இங்க அவனுக்கு வெந்நி கூட நீதான் வெச்சித் தரணும். அங்க போனா சோறே ஆக்கிக்குவான். அதுவும் ஒரு படிப்புதான?" என்றார் மனைவியிடம்.

"அதுக்கு இன்னாத்துக்குங்க ரஷ்யா? நானே சொல்லித் தரேன்" என்று அவள் மறுபடியும் ஆரம்பித்தாள்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு மறுநாள் காலை முதல் ஒரு வாரம் சாலை மறியல். ஊருக்கு ஊர் மரத்தை வெட்டி ரோட்டில் போட ஏற்பாடாகியிருந்தது. தனசேகரனோ மறுநாள் இரவு சேலத்தில் ரயில் பிடித்து மெட்ராஸ் போய், அங்கே விமானம் ஏற வேண்டும். தவறவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

உள்ளூர் மறியலுக்குத் தலைமை பக்கத்துத் தெரு தமிழரசன். நாராயணசாமி போய்ச் சொன்னதும், போராட்டமே படிப்புக்காகத்தானே என்று அவன் தாராளமாக ஒத்துக்கொண்டான்.

"தம்பி காரு ஊரத் தாண்டுற வரைக்கும் நாங்க கோடாலியத் தொடமாட்டோம். போனதும் ஒரு வார்த்த சொல்லுங்க மாமா, அது போதும்."

அதற்கப்புறம் சேலம் வரைக்கும் சந்து பொந்தெல்லாம் வாடகைக் கார் டிரைவருக்கு அத்துப்படி.

விடிந்ததும் கார் வருகிறதா பார்க்கிறேன் என்று நாராயணசாமி ரோட்டுக்குப் போனார். வெகு நேரம் கழித்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

"புளிய மரம் ரோட்டுக்குக் குறுக்க கெடக்குது ஜெயம்மா. சைக்கிள் கூட நுழையாது. காரு வர்றதுக்குள்ள வெட்டிட்டானுங்க."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் கையில் என்ன இருக்கிறது, விழுப்புரம் காலேஜில் சேர்த்துவிடலாம் என்றார். வாரா வாரம் பையன் வீட்டுக்கு வந்துவிடுவான், வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவான், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் ஆள் இருக்கும் என்று உள்ளூர்ப் படிப்பின் நன்மைகளை அடுக்க ஆரம்பித்தார்.

ஜெயம்மாள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினாள்.

"புள்ள இன்னும் தூங்கிக்கினு இருக்கானா? நானே அவங்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றார்.

"தமிழரசன் வந்துட்டுப் போனான். தம்பி எங்கிட்ட சொல்லாமலே கெளம்பிட்டானேன்னு ஒரே வருத்தம் அவனுக்கு."

நாராயணசாமி சொம்பைக் கீழே வைத்தார்.

"அனுப்ப மனசு வரலன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா சேர்ந்து அழுதிருக்கலாம் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஜெயம்மாள் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "புள்ள கார்ல போயிட்டான், மரத்த வெட்டிப் போடுங்கன்னு சொன்னீங்களாமே. உங்க வார்த்த பொய்யாப் பூடக்கூடாது பாருங்க, அதான் கடுக்கா விக்க வந்த மலக்காரரு ஆண்டிகிட்ட சொல்லி, கல்வராயன் மல மேலயே நடத்தி அந்தாண்ட சேலம் பக்கம் எறக்கிவுடச் சொல்லி அனுப்பிட்டேன்."