இருவருக்கு ஒரு வயிறு

"நேத்து நாலு தடவ, தாயி. ரத்தம் கொஞ்சம்போல" என்றார் உக்கிரபாண்டி.

வித்யாவின் பேனா நின்றது. காலையில் சிலமலையில் மொக்கச்சாமி சொன்னதும் இதே நாலு, இதே 'கொஞ்சம்போல'.

பெருங்குடல் புண்ணாகி ரத்தமாகப் போகும் நோய்க்கு இரண்டு மருந்துகளில் எது சிறந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வில், மதுரையிலிருந்து வந்த செவிலி அவள். இவருக்கு ஒரு மருந்து, மொக்கச்சாமிக்கு வேறொன்று. மாத்திரைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டப்பாவின் மேல் நோயாளியின் பெயர் மட்டும். யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது.

ஒரு மருந்து மற்றதை முந்தியிருக்க வேண்டும். ஆனால் எட்டுத் தடவை ஆறானது இருவருக்கும் ஒரே வாரத்தில். ஆறு நாலானதும் ஒரே வாரத்தில். அதற்குக் கீழே இருவருக்குமே இறங்கவில்லை. மாதக் கடைசிக்குள் ரத்தம் நிற்காவிட்டால் இருவரின் குடலையும் வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் ஜீப்பேறி மலைமேல் இருக்கும் குரங்கணிக்கு வந்திருந்தாள்.

உக்கிரபாண்டி வேலை பார்க்கும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் பனி புகுந்திருந்தது. பகல் பதினொரு மணிக்கே விளக்கெரிந்தது.

"அண்ணே, சிலமலை மொக்கச்சாமின்னு யாரையாச்சும் தெரியுமா?"

"அவருக்கும் நேத்து நாலுதானே?"

வித்யா சட்டென்று நிமிர்ந்தாள். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? செவ்வாக்கெழம அவருக்கு முறுக்குச்சு, எனக்கும் முறுக்குச்சு. ஒடம்புதான் தாயி ரெண்டு." அவர் சிரித்தார். "கக்கூசுக்குப் போறதக்கூட நோட்டுல எழுத வச்சுட்டீங்க. இன்னும் என்னத்தக் கேக்கப் போறீங்க?"

சரக்... சரக்... என்று எங்கோ ஏதோ புரண்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். பனியைத் தவிர ஒன்றுமில்லை.

"அது என்ன சத்தம்?"

"காத்தா இருக்கும்." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "வெரசாக் கெளம்புங்க. பனி இன்னும் எறங்கிருச்சுன்னா ஜீப்பு போகாது."

ஓர் உயிரை இரண்டு கிளிகளுக்குள் ஒளித்து வைத்த மந்திரவாதியின் கதையைச் சிறுவயதில் கேட்டிருக்கிறாள். ஒரு கிளியின் இறகைப் பிய்த்தால் மற்றது துடிக்கும். படித்தவள் அவள், நம்புகிறவள் அல்லள். ஆயினும் கால்கள் வாசலை நோக்கித் தாமாகவே நகர்ந்தன.

சரக்... சரக்... இப்போது மிக அருகில். உட்கதவு திறந்தது.

முறத்தோடு நின்றாள் அவருடைய மனைவி சுந்தரம்மாள். "அடடே, மதுர நர்சம்மாவா? இந்தா, கையோட சோலிய முடிச்சுட்டு வர்றேன்."

முறத்தில் புரண்டவை ஏலக்காய்கள் அல்ல; வெள்ளை மாத்திரைகள். அவள் கக்கத்தில் இரண்டு காலி டப்பாக்கள். ஒன்றில் உக்கிரபாண்டியின் பெயர். மற்றதில் மொக்கச்சாமியின் பெயர்.

"அடியேய்!" என்று பதறினார் உக்கிரபாண்டி.

"இதுல மறைக்க என்ன இருக்கு?" என்றாள் சுந்தரம்மாள். "உங்க ஆசுபத்திரிக் கக்கூசு வாசல்ல பழகி, தெனமும் போன்ல பேசிக்கிற ரெண்டு பேரு, தாயி. ஒருத்தருக்கு நயம் சரக்கும் ஒருத்தருக்கு மட்டச் சரக்கும் போனா பாவமில்லையா? அதான், ரெண்டு தோட்டத்துக் காயக் கலக்குற மாதிரி, மாசா மாசம் ஒண்ணாக் கொட்டிப் புடைச்சு ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிறாக!"