வக்கீல் போர்டு

"இந்தக் கேஸை விடுங்க. இல்லேன்னா ரூமை விடுங்க. ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே சொல்லிடுங்க, வக்கீல் சார்."

ரஷீதா வாசற்படியில் நின்றே சொன்னாள். உள்ளே போகவில்லை.

தென்னூரில் அவள் வீட்டு முன்னறையில் ஏழு வருடமாக ஆபீஸ் வைத்திருப்பவர் ஜேக்கப். இதுவரை ஒரு சத்தம் கிடையாது. வாசல் குழாய் சொட்டினால்கூட அவரே வாஷர் வாங்கி வந்து மாட்டிவிடுவார். இப்போது எடுத்திருக்கும் கேஸ்தான் தெருவையே பேச வைத்துவிட்டது.

திருவெள்ளறையிலிருந்து ஜவுளிக்கடை வேலைக்கு வந்துபோன மணிமேகலை என்ற பெண்ணை, பஸ் நிறுத்தத்தில் ஒருவன் குத்திக் கொன்றுவிட்டான் என்று வழக்கு. கல்யாணத்துக்கு மறுத்தாளாம். அவனுக்காக ஆஜராக ஒரு வக்கீலும் முன்வரவில்லை. ஜேக்கப் மட்டும் வக்காலத்து போட்டிருந்தார்.

"நாளைக்குத்தான் சாட்சி விசாரணையே ஆரம்பிக்குது. முடியற வரைக்கும் டைம் குடுங்கம்மா" என்றார்.

"எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு, சார். பெரியவ டவுன் பஸ்லதான் காலேஜ் போயிட்டு வரா. அவ வீடு திரும்புற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல. நேத்து எதிர்வீட்டு தஸ்லிமா மாடியிலேர்ந்து கேக்குறா, 'என்னக்கா, கொலைகாரன் கட்சிக்கு ரூம் வாடகைக்கு விட்டிருக்கீங்களாமே'ன்னு."

"அவன் செஞ்சானா இல்லையான்னு கோர்ட்டு சொல்லணும்மா. அந்தப் பக்கம் அரசு வக்கீல் கேப்பாங்க. இந்தப் பக்கம் நான் கேப்பேன். அவ்வளவுதான்."

"அந்தப் பக்கம் நிக்கிற பெலிண்டா மேடத்தை ஊரே கும்பிடுது. உங்களுக்கு ஏன் சார் இந்தப் பொழப்பு?"

ஜேக்கப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் வீட்லயும் இதையேதான் கேக்குறாங்க. சாயங்காலம் சொல்றேன்மா."

அவர் மனம் ஆடுவது ரஷீதாவுக்குத் தெரிந்தது. தன் பங்குக்கு அவள் காலையிலேயே ஒரு வேலை செய்திருந்தாள். வாசல் சுவரில் தொங்கிய அவர் பெயர் போர்டைக் கழற்றித் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். கேட்டால், காற்றில் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

திரும்பினால், தெருவில் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். கையில் மஞ்சள் பை. வெயிலில் நடந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"ஏம்மா, ஜேக்கப் வக்கீலு இங்கதானே இருந்தாரு? போர்டைக் காணோமே?"

"நீங்க யாரு?"

"இருளாயிங்க. திருவெள்ளறை. மணிமேகலையோட அம்மா."

ரஷீதா வழிவிட்டு ஒதுங்கினாள். சரியான நேரத்துக்கு வந்திருக்கிறாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டால் மனுஷனுக்குப் புத்தி வரும்.

"உள்ளதான் இருக்காரு, போங்க. நல்லா கேளுங்க. நான் இருக்கேன்."

இருளாயி கதவருகே போனதும் ஜேக்கப் விருட்டென்று எழுந்தார்.

"நீங்க இங்க வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்லம்மா? நீங்க இந்தக் கேஸ்ல சாட்சி. நாளைக்கு உங்களை நான் குறுக்கு விசாரணை பண்ணணும்."

"ஒரே ஒரு வார்த்தை, ஐயா…"

"ஒரு வார்த்தையும் வேணாம். எதுவா இருந்தாலும் அரசு வக்கீல்கிட்ட சொல்லுங்க. கிளம்புங்க."

கதவு சாத்திக்கொண்டது.

ரஷீதா கொதித்துப் போனாள். இருளாயியைக் கைபிடித்துத் தன் வீட்டுப் படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"பார்த்தீங்களா? பெத்தவளாச்சேன்னு ஒரு ஈரம் இருக்கா? நீங்க கவலைப்படாதீங்க. சாயங்காலத்துக்குள்ள இவரை இந்தக் கேஸை விட்டே ஓட வைக்கிறேன்."

இருளாயி பாதித் தண்ணீரோடு டம்ளரைக் கீழே வைத்தாள். ரஷீதாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"அப்படி மட்டும் செஞ்சிராதீங்கம்மா."

"என்ன சொல்றீங்க?"

"எட்டு மாசமா வாய்தா மேல வாய்தா. அவனுக்குப் பேச வக்கீல் இல்லாம கேஸு நகரவே இல்ல. கோர்ட்டுல போட்டுக் குடுத்த இலவச வக்கீலும் விலகிட்டாரு. வக்கீல் இல்லாமலே தண்டனை குடுத்துட்டா, மேல்கோர்ட்டுல அது நிக்காதாம். திரும்ப முதல்லேர்ந்து நடத்தச் சொல்லிருவாங்களாம். பெலிண்டா அம்மாதான் சொன்னாங்க. எம்மவ செத்ததை நான் எத்தனை தடவைம்மா கூண்டுல ஏறிச் சொல்றது?"

ரஷீதா அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு வக்கீல் வீட்டுப் படி ஏறினேன். 'உன் மகளைக் கொன்னவனுக்கு நீயே வக்கீல் தேடுறியா, புத்தி கெட்டுப்போச்சா'ன்னாங்க. பதிமூணாவதா இவருதான் சரின்னாரு. 'எடுத்தா ஒழுங்காத்தான் வாதாடுவேன், உங்களையும் விடாம கேப்பேன், இனிமே என்னைப் பார்க்க வரக்கூடாது'ன்னாரு. கேளுங்க ஐயா, எல்லாத்தையும் கேளுங்கன்னேன்."

"அப்புறம் ஏன் இன்னைக்கு வந்தீங்க?"

"அரசு வக்கீலம்மாவைப் பார்த்துட்டு வந்தேன். விடிஞ்சா விசாரணை. இவரு இருக்காரான்னு தெருவோட நடந்து, போர்டை மட்டும் பார்த்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். போர்டு இல்ல. இவரும் பயந்து போயிட்டாரோன்னு உசுரே போயிருச்சும்மா."

இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுவரில் சும்மா நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆணிகளையும் பார்த்தாள். பிறகு ரஷீதாவிடம் கேட்டாள்.

"யாரும்மா அதைக் கழட்டினது?"